வீட்டிலேயே நாய்க்குக் காது சுத்தம் செய்வது எப்படி?

மருந்து பாட்டிலை எடுப்பதற்கு முன்னால் நாயின் காது மடலைத் தூக்கி ஒரு தடவை முகர்ந்து பாருங்கள். வெளிர் ரோஸ் நிறத்தில், பெரிதாக வாடை இல்லாமல், லேசாகப் பழுப்பு மெழுகு மட்டும் இருந்தால் அது நல்ல காது. அதைத் தொடவே வேண்டாம், அடிக்கடி ஈரமாக்கினால் உள்தோல் எரிச்சலாகிவிடும். அழுக்கு சேர்ந்திருந்தால்தான் நமக்கு வேலை.

கெட்ட நாற்றம், சிவப்பு, வீக்கம், சீழ், ரத்தம், தொட்டாலே கத்துவது, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருப்பது, நடையில் தள்ளாட்டம் இதில் ஏதாவது இருந்தால் வீட்டில் எதையும் ஊற்றாதீர்கள், கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். செவிப்பறை கிழிந்திருக்கும்போது நாம் ஊற்றுவது நடுக்காதுக்குள் போய்விட்டால் கேட்கும் திறனே பாதிக்கப்படலாம். காப்பித்தூள் மாதிரி கறுப்பாக உதிர்ந்தால் காதுப்பூச்சியாக இருக்கலாம், அதற்கும் மருந்து வேண்டும்.

சரி, என்னென்ன தேவை? நாய்களுக்கென்றே விற்கும் இயர் க்ளீனர் (காதைச் சுத்தம் செய்யும் மருந்து), காஸ் துணி அல்லது பஞ்சு, அதற்குப் பிடித்த தின்பண்டம். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், வினிகர் எதுவும் வேண்டாம், புண்பட்ட தோலில் பட்டால் நாய் துடித்துப்போகும், அப்புறம் காதைத் தொடவே விடாது. நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களும் நிறைய. எண்ணெய் உள்ளே தங்கி அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மருத்துவர் பார்க்கும்போது செவிப்பறையையும் மறைத்துவிடும்.

இதில் மிக முக்கியமானது பட்ஸ். தயவுசெய்து அதைத் தூர வையுங்கள். நாயின் காதுக்குழாய் நேராகப் போவதில்லை. முதலில் கீழே இறங்கி, அப்புறம் உள்பக்கமாகத் திரும்பி, அதன் முடிவில்தான் செவிப்பறை இருக்கிறது. பட்ஸை விட்டால் அழுக்கு வெளியே வராமல் அந்தத் திருப்பத்தில் போய் அடைந்துகொள்ளும்.

இனி செய்முறை. பாத்ரூமோ மொட்டை மாடியோ, தெறித்தால் பரவாயில்லை என்கிற இடமாகப் பார்த்து நாயைச் சுவர் ஓரமாக உட்கார வையுங்கள். சின்ன நாய் என்றால் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளலாம். மருந்து சில்லென்று இருந்தால் பயந்து உதறும், அதனால் பாட்டிலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பிடித்துச் சூடு ஏற்றுங்கள்.

காது மடலை மெதுவாக மேலே தூக்கிப் பிடித்தால் குழாய் ஓரளவு நேராகும். பாட்டில் மூக்கை உள்ளே நுழைக்காமல் காதுக்குழாயின் வாய்ப்பகுதியில் வைத்து, குழாய் நிறையும் அளவுக்கு மருந்தை விடுங்கள். நாய் உடனே தலையை உதறப் பார்க்கும், விடாமல் பிடித்துக்கொண்டு காதின் அடிப்பகுதியை, கன்னத்துக்குச் சற்று மேலே, 20 முதல் 30 விநாடி பிசைந்துவிடுங்கள். சளக் சளக்கென்று சத்தம் கேட்க வேண்டும், கேட்டால் மருந்து உள்ளே வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இப்போது கையை எடுத்துவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள். நாய் நன்றாக உதறட்டும், ஆழத்தில் ஊறிய அழுக்கை மேலே கொண்டுவருவது அந்த உதறல்தான்.

பிறகு காஸ் துணியை விரலில் சுற்றி, விரல் தானாகப் போகிற தூரம் வரை மட்டும் துடையுங்கள். மடலின் உள் மடிப்புகளில் அழுக்கு ஒளிந்திருக்கும், உண்ணியும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். உண்ணி தென்பட்டால் தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள், மண்ணெண்ணெய் எல்லாம் தடவ வேண்டாம். குழாயின் உள்ளே இருந்தால் மருத்துவரே எடுக்கட்டும்.

அடுத்த காதுக்குப் புதுத் துணி. பாட்டில் மூக்கையும் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள், இல்லையென்றால் ஒரு காதின் கிருமி மறு காதுக்குப் போய்விடும். ஒவ்வொரு காது முடிந்ததும் தின்பண்டம் கொடுக்க மறக்காதீர்கள்.

லாப்ரடார், காக்கர் ஸ்பானியல் மாதிரி காது தொங்கும் நாய்களுக்கு உள்ளே காற்றோட்டம் குறைவு. அவற்றை வாரம் ஒரு முறை பாருங்கள், குளித்த பிறகும் நீந்திய பிறகும் காதை ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். எவ்வளவு சுத்தம் செய்தாலும் தொற்று திரும்பத் திரும்ப வந்தால், அடியில் ஒவ்வாமை இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பல நாய்களுக்கு அதுதான் காரணம்.