அல்சைமருக்கு கிரீன் டீ: டவரா டம்ளர்ல ஆத்தி போடுற முறை

எங்க மாமியாருக்கு அல்சைமர் ஆரம்ப நிலைன்னு டாக்டர் சொன்ன அன்னைக்கே பெங்களூர் அல்சூர் சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்ல கிரீன் டீ ஃபார்வர்ட் வர ஆரம்பிச்சுது. குடிச்சா ஞாபகம் திரும்பி வந்துடுமாம். உக்காந்து படிச்சுப் பாத்தா முழுப் பொய்யும் இல்ல, அவங்க அடிச்சு விடுற அளவுக்கு உண்மையும் இல்ல.

அல்சைமர்ல மூளைக்குள்ள ரெண்டு புரதம் கெட்டியாகி சேர்ந்துடுது, நரம்பு செல்லுக்கு வெளிய அமிலாய்டு பீட்டா, உள்ள டாவ். கிரீன் டீயில கேட்டச்சின்னு ஒரு வகை பொருள் இருக்கு, அதுல அதிகமா இருக்குறது இஜிசிஜி. அமிலாய்டு கெட்டியாகிற வழியையே இது மாத்தி விடுதுன்னு சோதனைக் குழாய்ல பாத்திருக்காங்க, அல்சைமர்ல இறந்தவங்க மூளையில இருந்து எடுத்த டாவ் சிக்கலையே இது பிரிச்சு விடுதுன்னு 2022ல கலிபோர்னியா பல்கலைக்கழக லாஸ் ஏஞ்சல்ஸ் ஆளுங்க காட்டினாங்க. ஆனா அதெல்லாம் லேப்ல! நாம குடிக்கிறதுல ரத்தத்துக்குப் போறதே கொஞ்சம், மூளை வரைக்கும் போறது அதுலயும் துளிதான். ஜப்பான்ல ஒசாகின்ற ஊர்ல 65 வயசுக்கு மேல 13,645 பேரை வருஷக்கணக்குல கவனிச்சதுல, தினம் 5 கப்போ அதுக்கு மேலயோ குடிச்சவங்களுக்கு டிமென்ஷியா (அல்சைமர் மாதிரி மறதி நோய்ங்க) கம்மியாதான் வந்திருக்கு, ஆனா அதுக்குக் காரணம் டீதான்னு அடிச்சு சொல்ல முடியாது. இன்னொண்ணு, அவங்க கப் 100 மில்லிதான், நம்ம டம்ளர் கணக்கு வேற.

சரி, போடலாம்.

1. இலை. டஸ்ட் அடைச்ச பேக்கெட் வேணாம், நீலகிரி லூஸ் இலை கிடைச்சா வாங்குங்க. செடி நம்ம டீத்தூள் செடியேதான், பறிச்ச கையோட ஆவியிலயோ வாணலியிலயோ சூடு காட்டிடுறதால இலை கறுக்காம கேட்டச்சின் அப்படியே நிக்குது.

2. தண்ணி. பெங்களூர் டேங்கர், போர்வெல் தண்ணியில போட்டா டீ கலங்கலா வரும், கால்சியம் ஜாஸ்தியா இருந்தா இஜிசிஜியும் சரியா இறங்காது. ஆர்ஓ தண்ணி எடுத்துக்கோங்க.

3. சூடு. நான் சொதப்பினது இங்கதான், கொதிக்கக் கொதிக்க ஊத்தி அத்தைகிட்ட குடுத்தேன், "என்னடி இது, வேப்பிலைக் கஷாயமா"ன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. கொதிதண்ணியில கேட்டச்சின் கூட இறங்கும், கசப்பும் சேர்ந்து இறங்கும். 80, 85 டிகிரி போதும். நம்ம பெங்களூர் கடல் மட்டத்துல இருந்து 900 மீட்டருக்கு மேல இருக்குறதால தண்ணி கொதிக்கிறதே 97 டிகிரி பக்கம்தான், அதை டவரா டம்ளர்ல ரெண்டு ஆத்து ஆத்தினா ரெடி, தெர்மாமீட்டர் எல்லாம் தேவையில்ல.

4. 200 மில்லிக்கு ஒரு ஸ்பூன் இலை போட்டு மூடி 3 நிமிஷம், அப்புறம் வடிகட்டிடுங்க.

5. பால் வேணாம், வாய்லயே வைக்க முடியாது. ரெண்டு சொட்டு எலுமிச்சை பிழிஞ்சா குடல்ல கேட்டச்சின் சீக்கிரம் சிதையாம இருக்கும்.

6. சாப்பாட்டோட குடிக்காதீங்க, கீரை பருப்புல இருக்குற இரும்புச்சத்தை உடம்பு எடுக்க விடாது. இரும்பு மாத்திரை போடுறவங்களும் ரெண்டு மணி நேரம் தள்ளிக் குடிங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்குறவங்க டாக்டரைக் கேக்காம ஆரம்பிக்கவே வேணாம். சாயங்காலம் 4 மணிக்கு மேல எங்க வீட்டுல கிடையாது, இதுலயும் கஃபைன் இருக்கு, அத்தை ராத்திரி தூங்கலன்னா மறுநாள் குழப்பம் ஜாஸ்தியாயிடுது.

கிரீன் டீ கேப்ஸ்யூல்? நான் ஒரு டப்பா ஆயிரத்துச் சொச்சம் குடுத்து வாங்கி, அப்புறம் படிச்சுட்டு பிரிக்காமலே தூக்கிப் போட்டேன். ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமும் அதுக்கு மேலயும் இஜிசிஜியை மாத்திரையா எடுத்தா கல்லீரலுக்கு ஆகாதுன்னு ஐரோப்பிய உணவு பாதுகாப்பு ஆணையம் 2018லயே சொல்லியிருக்கு. டாக்டர் எழுதின மாத்திரையை நிறுத்திட்டு டீயை நம்புறதும் அதே மாதிரி வம்புதான்.

7. வடிகட்டின இலையைக் கொட்டிடாதீங்க, இன்னொரு தடவை தண்ணி ஊத்தலாம், இந்தத் தடவை 4 நிமிஷம் விடுங்க. அத்தைக்கு அந்த ரெண்டாவது தண்ணிதான் பிடிக்குது, கசப்பு கம்மியாம்.