கஸ்டம் ரோமா, கம்பெனி ரோமா: பூட்லோடரைத் திறக்கும் முன் பார்க்க வேண்டியவை

போனை இயக்கும் ஆண்ட்ராய்டு மென்பொருள் தொகுப்புதான் ரோம். போனோடு வருவது கம்பெனி ரோம்; வேறு யாரோ உருவாக்கி நாம் மாற்றிப் போடுவது கஸ்டம் ரோம். போனை ஆன் செய்ததும் முதலில் ஓடி, எந்த ரோமைக் கிளப்பலாம் என்று பார்க்கும் நிரல்தான் பூட்லோடர்; கஸ்டம் ரோம் போட அதன் பூட்டைத் திறக்க வேண்டும். முதலில் செட்டிங்ஸில் செக்யூரிட்டி அப்டேட் தேதியைப் பாருங்கள். மூன்று நான்கு மாதத்துக்குள் இருந்தால் கம்பெனி ரோமிலேயே இருங்கள். விளம்பரமும் வேண்டாத ஆப்களும்தான் தொல்லை என்றால், கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் ஏடிபி என்ற கருவியைப் போட்டு, அவற்றை யூசர் 0-க்கு (போனின் முதன்மைப் பயனருக்கு) மட்டும் நீக்கினால் போதும். ஃபேக்டரி ரீசெட்டில் அவை திரும்பிவிடும். என்னவென்று தெரியாத சிஸ்டம் ஆப்பில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அப்டேட் நின்று ஒன்றரை, இரண்டு வருடம் ஆகிவிட்டதா? அப்போது கஸ்டம் ரோம் அர்த்தமுள்ளது. சயனஜென்மாட் என்ற பழைய கஸ்டம் ரோம் திட்டம் 2016 டிசம்பரில் மூடப்பட்டபோது அதிலிருந்து பிறந்த லினேஜ் ஓஎஸ் இன்றும் நம்பகமானது. ஆனால் அது புதுப்பிப்பது ஆண்ட்ராய்டு பகுதியைத்தான். மோடம் போன்ற பாகங்களை இயக்கும் மூடிய மென்பொருள் (ஃபர்ம்வேர்) கம்பெனி கடைசியாகக் கொடுத்த நிலையிலேயே நிற்கும்.

இழப்பையும் எண்ணிப் பாருங்கள். பூட்லோடர் திறந்த போனில் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனை (போன் மாற்றப்படாததுதானா என்று ஆப்களுக்குச் சொல்வது) முழுதாகத் தேறுவதில்லை. பல பேங்க் ஆப்களும் யுபிஐ ஆப்களும் அதைப் பார்த்து மறுத்துவிடும். அந்தச் சோதனையை ஏமாற்றும் மாட்யூல்கள் (கூடுதல் நிரல்கள்) இன்று ஓடும், நாளை ஓடாது. டீக்கடை முதல் ஆட்டோ வரை கியூஆர் ஸ்கேன் செய்கிற சென்னையில், பணம் கட்டும் போனில் இதைச் செய்யவே வேண்டாம். இரண்டாவது போனில் செய்யுங்கள். படங்களைத் திருடாமல் காக்கும் வைட்வைன் பாதுகாப்பு எல்1 என்ற உயர் நிலையிலிருந்து எல்3-க்கு இறங்கிவிட்டால் ஓடிடி படங்கள் பெரும்பாலும் 480பி அளவிலான குறைந்த தரத்தில்தான் வரும். சாம்சங்கில் நாக்ஸ் ஃபியூஸ் (மென்பொருளை மாற்றியதை நிரந்தரமாகப் பதிவு செய்யும் பாதுகாப்பு) ஒருமுறை போனால் போனதுதான். பழைய ரோமுக்குத் திரும்பினாலும் பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டர் வேலை செய்யாது.

இதற்கென்றே சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் பழைய போன் வாங்குவதானால் கடையிலேயே ஒரு சோதனை: பில்ட் நம்பரை 7 முறை தட்டி, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் ஓஇஎம் அன்லாக்கிங் சுவிட்சைப் பாருங்கள். நெட் இணைத்த பிறகும் மங்கிக் கிடந்தால் அந்தப் போன் வேண்டாம். சியோமியில் சுவிட்ச் மட்டும் போதாது, சியோமி கணக்கை இணைத்துவிட்டு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். மாடலின் கோட்நேமையும் (ரோம் பக்கங்களில் அந்த மாடலுக்கு இருக்கும் உள்பெயர்) சரிபாருங்கள். ஒரே பெயரில் வேறு சிப் உள்ள போன்கள் உண்டு.

வேலை தொடங்கும் முன் போட்டோ, வாட்ஸ்அப் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். பூட்லோடர் திறந்ததும் எல்லாம் அழிந்துவிடும். கூகுள் கணக்கையும் நீக்குங்கள். அதே மாடலின் கம்பெனி ரோமை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். சார்ஜ் 60 சதவீதத்துக்கு மேல் இருக்கட்டும். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் வேண்டாம், லேப்டாப்பே நல்லது: ஃபிளாஷ் (போனில் ரோமை எழுதும் வேலை) பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால் போன் கிளம்பாமல் போகலாம். ஃபாஸ்ட்பூட்டில் (கம்ப்யூட்டரிலிருந்து பூட்லோடருக்குக் கட்டளை கொடுக்கும் நிலை) போன் தெரியவில்லையா? பெரும்பாலும் கேபிள், டிரைவர் அல்லது யுஎஸ்பி 3 போர்ட்தான் காரணம். யுஎஸ்பி 2 போர்ட்டில் செருகிப் பாருங்கள்.

ஃபாஸ்ட்பூட்டில் அன்லாக் செய்து, ரோம் கேட்கும் ஃபர்ம்வேர் பதிப்பு இருப்பதை உறுதி செய்துகொண்டு, அதற்குரிய ரெகவரியை (ரோமை நிறுவ உதவும் சிறு மென்பொருள்) ஃபிளாஷ் செய்யுங்கள். ரெகவரியில் ஃபார்மட் டேட்டா கட்டாயம். பழைய என்கிரிப்ட் ஆன டேட்டா மிஞ்சினால் போன் லோகோவிலேயே சுற்றும். பிறகு ஏடிபி சைட்லோட், அதாவது கம்ப்யூட்டரிலிருந்து ரோம் ஃபைலை ரெகவரிக்கு அனுப்பி நிறுவுவது. கம்ப்யூட்டரில் 47 சதவீதத்தில் நின்றதுபோல் தெரிந்தால் பதறிக் கேபிளைப் பிடுங்காதீர்கள், பல போன்களில் அது இயல்பு; போன் திரையில் வரும் முடிவைப் பாருங்கள். ஜிஆப்ஸ் (பிளே ஸ்டோர் போன்ற கூகுள் ஆப்களின் தொகுப்பு) வேண்டுமென்றால் மறுபடி ரெகவரிக்கே ரீபூட் செய்து, முதல் பூட்டுக்கு முன்பே போட்டுவிட வேண்டும். பிறகு போட்டால் கூகுள் ஆப்கள் க்ராஷ் ஆகும். முதல் பூட் 15 நிமிடம் வரை இழுக்கலாம்.

உள்ளே வந்ததும் *#06# அடித்து ஐஎம்இஐ (போனின் அடையாள எண்) சரியா என்று பாருங்கள், ஒரு கால் போட்டும் பாருங்கள். ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது; வோல்டிஇ (4ஜி வழியாகப் பேசும் வசதி) வேலை செய்யாத ரோமில் சாதாரண கால் போகாது.

திரும்ப வேண்டுமென்றால் கம்பெனி ரோமை முழுதாக ஃபிளாஷ் செய்து, போன் ஒழுங்காக பூட் ஆகிறது என்று உறுதியான பிறகே பூட்லோடரைப் பூட்டுங்கள். கஸ்டம் ரோம் உள்ளே இருக்கும்போது பூட்டினால் பெரும்பாலான போன்கள் கிளம்பாது. ஆன்டி ரோல்பேக் (பழைய பதிப்புக்குத் திரும்புவதைத் தடுக்கும் பாதுகாப்பு) உள்ள போனில் பழைய பதிப்பைப் போட்டாலும் அதே கதிதான். அப்புறம் பின்கவரைக் கழற்றி போர்டில் உள்ள டெஸ்ட் பாயின்ட் என்ற புள்ளிகளை இணைத்து, போனை இடிஎல் என்ற அவசர ஃபிளாஷ் மோடுக்குக் கொண்டுவரத் தெரிந்த கடையைத் தேட வேண்டியிருக்கும்.