காற்றுக்கு ஒரு சொல், மழைக்கு வேறு சொல்: வானிலை அறிக்கையைப் படிக்கும் முறை

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் இப்படி ஒரு வரி தினமும் காதில் விழும்: "வங்கக்கடலில் நிலவும் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் காரணமாகக் கடலோர மாவட்டங்களில் பல இடங்களில் மழை பெய்யும், ஓரிரு இடங்களில் கன முதல் மிக கனமழை பெய்யக்கூடும்." இதற்குள் மூன்று சேதிகள் இருக்கின்றன. காற்று எவ்வளவு வேகம், மழை எத்தனை சென்டிமீட்டர், அது எவ்வளவு பரவலாகப் பெய்யும். மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் படிக்க வேண்டும். சேர்த்துப் படித்தால் "புயல் இல்லையாம், பயமில்லை" என்ற தவறான முடிவுக்குத்தான் வந்து சேருவோம்.

முதலில் காற்று. தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், புயல் என்ற பெயர்கள் எல்லாமே காற்றின் வேகத்தை வைத்து இடப்பட்டவை. மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் குறைவாக இருந்தால் தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால் புயல். அப்போதுதான் பெயர் சூட்டுவார்கள். 89-இல் தீவிர புயல், 118-இல் மிகத் தீவிர புயல் என்று படி ஏறிக்கொண்டே போய், 222-ஐத் தாண்டினால் சூப்பர் புயல். 'பகுதி'யும் 'மண்டலமும்' ஒன்றுபோல ஒலிப்பதால் பலர் மாற்றிச் சொல்கிறார்கள். மண்டலம்தான் வலுவானது. கடலுக்குப் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது.

"70 முதல் 80 கி.மீ. வேகத்திலும், இடையிடையே 90 கி.மீ. வேகத்திலும்" என்று வரும்போது முதல் எண் தொடர்ந்து வீசும் காற்று, இரண்டாவது வீச்சு வீச்சாக வந்து மோதும் காற்று. தகரக் கூரையைப் பிய்ப்பதும் மரத்தை முறிப்பதும் பெரும்பாலும் இரண்டாவதுதான். ஓலை, ஷீட், பேனர் கட்டும்போது அந்தப் பெரிய எண்ணை மனத்தில் வைத்தே கட்டுங்கள். இன்னொன்று, இந்திய வானிலை ஆய்வுத் துறை 3 நிமிடச் சராசரியை எடுக்கிறது. அமெரிக்க மையங்கள் 1 நிமிடச் சராசரியை எடுக்கின்றன. அதனால் ஒரே புயலுக்கு வெளிநாட்டுத் தளத்தில் கூடுதல் வேகம் தெரியும். நம் அறிக்கை எதையும் மறைக்கவில்லை, அளவுகோல்தான் வேறு.

அடுத்தது மழை. இங்கேயும் சொற்கள் அலங்காரத்துக்கு வருவதில்லை. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, 21-ம் அதற்கு மேலும் அதி கனமழை. (மில்லிமீட்டரில் துல்லியமாகச் சொன்னால் எல்லைகள் 64.5, 115.6, 204.5.) 'மிக'வுக்கும் 'அதி'க்கும் இடையே உள்ள தூரம் தெருவில் தண்ணீர் நிற்பதற்கும் வீட்டுக்குள் தண்ணீர் வருவதற்கும் உள்ள தூரம்.

காற்றின் படியை வைத்து மழையின் படியைக் கணிக்க முடியாது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டியது. தமிழகம் முழுமைக்கும் வடகிழக்குப் பருவத்தின் மூன்று மாத இயல்பு மழையே சுமார் 44 செ.மீ.தான். அன்று புயலும் இல்லை, தாழ்வு மண்டலமும் இல்லை. குமரிக்கடல் பக்கம் ஒரு வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சி (தாழ்வுப் பகுதியாகக்கூட வலுக்காத காற்றுச் சுழல்) மட்டுமே. 2015 டிசம்பர் முதல் நாள் சென்னையை மூழ்கடித்ததும் புயல் அல்ல. தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல், புயல் வரிசையில் முதல் படியில் இருந்த ஒன்று. ஆனால் நகராமல் நின்றுவிட்டதால் மயிலத்தில் 51 செ.மீ. பெய்தது. 2016-இல் வந்த வர்தா இதற்கு மறுபக்கம்: அங்கே சென்னையின் மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது காற்று. ஆகவே அறிக்கையில் "மெதுவாக நகர்கிறது", "அதே இடத்தில் நிலவுகிறது" என்ற சொற்கள் வந்தால் மழைக்காகக் கவலைப்படுங்கள்.

மூன்றாவது, பரவல். இதைத்தான் அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். "ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் கால்பங்கு வரை மழை பெறும் என்று பொருள். "சில இடங்களில்" பாதி வரை, "பல இடங்களில்" முக்கால் வரை, "பெரும்பாலான இடங்களில்" அதற்கும் மேல். இது பரப்பைச் சொல்கிறதே தவிர வலுவைச் சொல்வதில்லை. "ஓரிரு இடங்களில் அதி கனமழை" என்பது லேசான சேதி அல்ல. எங்கோ ஓர் ஊரில் 21 செ.மீ.க்கு மேல் கொட்டலாம், அது உங்கள் ஊராகவும் இருக்கலாம் என்பதுதான் அதன் பொருள்.

நிறங்களைப் பற்றிச் சுருக்கமாக: பச்சை என்றால் எச்சரிக்கை எதுவும் இல்லை, மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்குங்கள்.

"கரையைக் கடக்கும்" என்பது புயலின் மையம் நிலத்துக்குள் நுழைவது. வலுத்த புயலில் மையம் நேராக உங்கள் ஊரைக் கடந்தால் காற்று சட்டென்று அடங்கிவிடும். முடிந்துவிட்டது என்று வெளியே வந்து விடாதீர்கள். சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் மீண்டும் அடிக்கும். நம் கிழக்குக் கரையில் கடக்கும் இடத்துக்கு வடக்கே இருப்பவர்களுக்குக் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். கடல் நீர் உள்ளே ஏறுவது அந்தப் பக்கம்தான்.

துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் 1 முதல் 11 வரை உண்டு. 1, 2 தொலைவில் ஆபத்து. 3, 4 அந்தத் துறைமுகத்துக்கே வானிலை மோசமாகும். 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பேரபாயம். 11 ஏறினால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

உங்கள் வீட்டு மழையை நீங்களே அளந்து பார்த்தால் இந்த எண்கள் கைக்குப் பிடிபடும். 16 செ.மீ. வாய் விட்டமுள்ள புனல் ஒன்றை ஒரு பெரிய கேனில் செருகுங்கள். அதன் வாய்ப்பரப்பு சுமார் 201 சதுர செ.மீ.; ஆகவே கேனில் சேரும் ஒவ்வொரு 201 மில்லி தண்ணீரும் 1 செ.மீ. மழை. 21 செ.மீ.க்கு 4 லிட்டருக்கு மேல் சேரும் என்பதால் சின்ன பாட்டில் போதாது, இரவே நிரம்பி வழிந்து கணக்கு கெட்டுவிடும். மதில், மரம் எது அருகில் இருந்தாலும் அதன் உயரத்தைப் போல் இரு மடங்காவது தள்ளி வையுங்கள். மொட்டை மாடியில் காற்று சுழன்று துளிகளைத் தள்ளிவிடும், அளவு குறைத்தே காட்டும்; தரையில் வைப்பதே நல்லது. காலை 8.30-க்கு அளந்து அன்றைய தேதியில் எழுதுங்கள். வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. 17-ஆம் தேதி இரவு பெய்த மழை 18-ஆம் தேதிக் கணக்கில் வருவது இதனால்தான்.