தப்பான வேலைக்கு மாறித் திரும்பியவர்கள் செய்யும் தவறுகள்

கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுப்பது என் வேலை. வருகிறவர்களில் நிறையப் பேர் சென்னைக்கோ கோவைக்கோ போய், ஒத்துவராமல் மதுரைக்குத் திரும்பியவர்கள். அந்த வயதில் நான் அடித்த அதே கூத்தை அவர்களும் அடிப்பதைப் பார்த்தால் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வரும். அடுத்த வேலை கையில் இல்லாமல் ராஜினாமா செய்யாதே, மேனேஜரோடு சண்டை போட்டுவிட்டுக் கிளம்பாதே என்பதையெல்லாம் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அந்த ஏழு மாதத்தை மறைப்பது

உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன். மதுரையில் மூன்று வருடம் கணக்கு பார்த்துவிட்டு, சென்னைக்கு மாறி, ஏழே மாதத்தில் திரும்பிவிட்டான். ரெஸ்யூமில் சென்னையைக் காணோம். மதுரைக் கம்பெனியில் விலகிய தேதியை ஏழு மாதம் இழுத்துவிட்டிருந்தான். டேலி என்ற கணக்கு மென்பொருள் கைவந்தவன், ஜிஎஸ்டி ரிட்டர்னில் எதைக் கேட்டாலும் பதில் வந்தது. பிடித்துப்போய் ஆஃபர் கொடுத்தோம். சேருவதற்கு முன் அவனுடைய யூஏஎன், அதாவது பி.எஃப். கணக்குகளுக்கான பொது எண்ணின் விவரத்தை வாங்கிப் பார்த்தால் சென்னைக் கம்பெனியின் பெயர் இருக்கிறது. ஆஃபர் ரத்து.

“ஏழு மாசம்தானே சார், சொன்னா எடுக்க மாட்டீங்கன்னு நினைச்சேன்” என்றான். சொல்லியிருந்தால் எடுத்திருப்போம். அதுதான் இன்றுவரை ஆற்றாமை.

யூஏஎன் ஆயுசுக்கும் ஒரே எண். கம்பெனி மாறும்போதெல்லாம் அதன் கீழ் புதிதாக ஓர் உறுப்பினர் ஐடி சேரும். சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் அங்கே பதிவாகும். பி.எஃப். பிடிக்காத இடமாகவே இருந்தாலும், சம்பளத்தில் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்திருந்தால் வருமான வரித் துறையின் பதிவில் கம்பெனி பெயர் வந்துவிடும். கணக்கு வேலை கேட்டு வருகிறவருக்கே இது தெரியாதா?

சரி, மாட்டிக்கொள்வதை விடுங்கள். மறைப்பது என்று முடிவெடுத்ததுமே அந்த வேலையைப் பற்றி யோசிப்பதும் நின்றுபோகிறது. ஏன் வந்தாய் என்று கேட்டால் “சென்னை ஒத்துக்கலை சார்” என்பதோடு சரி. ஒத்துக்கொள்ளாதது எது? வேலையா, மேனேஜரா, வாடகையா, ஊரில் அம்மா தனியாக இருப்பதா? வாடகைதான் சிக்கல் என்றால் அதே வேலை இங்கே நன்றாகவே ஓடும். வேலையே பிடிக்கவில்லை என்றால் மதுரையிலும் ஏழாவது மாதம் கிளம்பத்தான் தோன்றும். இதைப் பிரித்துப் பார்க்காதவர்தான் இரண்டாவது முறையும் தப்பான இடத்தில் போய்ச் சேருகிறார்.

திருமங்கலத்திலிருந்து வந்த ஒரு பெண்ணின் கதை வேறு. ரெஸ்யூமிலேயே ‘ஐந்து மாதம்’ என்று எழுதியிருந்தார். கணக்கு வேலை என்று கூட்டிப்போய், வராத பாக்கியைப் போனில் கேட்டு வாங்கும் வேலையைக் கொடுத்தார்களாம். அதை இரண்டே வரியில், யாரையும் திட்டாமல் சொன்னார். அப்புறம் அவரே கேட்டார்: “மாசக் கடைசியில நான் என்னென்ன முடிச்சுக் கொடுக்கணும் சார்? அதை ஆஃபர் லெட்டரோட எழுதித் தருவீங்களா?” நாங்கள் அதுவரை யாருக்கும் அப்படி எழுதித் தந்ததில்லை. அவருக்குத் தந்தோம். இப்போது எல்லோருக்கும் தருகிறோம்.

சிடிசியை மறுபடியும் நம்புவது

சிடிசி என்பது உங்களுக்காகக் கம்பெனி செலவழிக்கும் மொத்தத் தொகை; கைக்கு வரும் சம்பளம் அல்ல. முதல் தடவை ஏமாற்றியதே இந்த எண்தான்; இரண்டாம் தடவையும் அதையே பார்க்கிறார்கள். மாதம் 40,000 சிடிசி, அடிப்படைச் சம்பளம் 20,000 என்று வையுங்கள். முதலாளி பங்கு பி.எஃப். 1,800, கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) ஒதுக்குவது 962, ‘இலக்கை எட்டினால்’ என்ற பெயரில் 4,000 எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 1,800. கைக்கு வருவது 31,438. அதில் தொழில்வரியும் போகும். வீட்டிலிருந்தபடி 27,000 வாங்கியவர் இதற்காகத் தாம்பரத்தில் ரூம் எடுக்கிறார்.

பி.எஃப். பணத்தை எடுத்துவிடுவது

வேலை போன கோபத்தில் முதலில் கைவைப்பது இதில்தான். தொடர்ந்து 5 ஆண்டு சேவை ஆவதற்குள் எடுத்தால் வரி உண்டு. 50,000 ரூபாயைத் தொட்டால் டிடிஎஸ் பிடிப்பார்கள். எடுக்காமல் புதிய கம்பெனிக்கு மாற்றினால் பழைய சேவையும் கணக்கில் சேரும். பி.எஃப்.போடு சேர்ந்த ஓய்வூதியத்துக்கு மொத்தம் 10 ஆண்டு சேவை வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓய்வூதியப் பங்கையும் துடைத்து எடுத்தவர் ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும்.

கிராஜுவிட்டிக்குச் சில மாதம் முன்னால் கிளம்புவது

நிரந்தர வேலையில் 5 ஆண்டு முடித்தால்தான் கிராஜுவிட்டி. 20,000 அடிப்படைச் சம்பளத்துக்கு அந்த 5 ஆண்டுக்கு 57,692 ரூபாய். காலண்டரைப் பாருங்கள்.

ரிலீவிங் லெட்டர்

உங்களை வேலையிலிருந்து விடுவித்ததாகக் கம்பெனி தரும் இந்தக் கடிதத்தை வாங்காமல் மாட்டுத்தாவணிக்குப் பஸ் ஏறாதீர்கள்.

பழைய கம்பெனிக்குத் திரும்ப வெட்கப்படுவது

கூப்பிட்டால் போங்கள். பழைய சம்பளத்துக்கு மட்டும் போகாதீர்கள்.

விலகிய தேதியைக் கவனிக்காமல் விடுவது

கோபித்துக்கொண்ட பழைய முதலாளி பி.எஃப். கணக்கில் நீங்கள் விலகிய தேதியைப் பதியாமலே விட்டுவிடுவார். புதிய இடத்தில் சேர்ந்ததும், ஒரே நேரத்தில் இரண்டு கம்பெனியில் வேலை பார்ப்பது போலத் தெரியும். இதற்காக அவர் வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்தபின், யூஏஎன் தளத்தில் ஆதார் ஓடிபி போட்டு நீங்களே பதியலாம். பதிந்தபின் திருத்துவது பெரும்பாடு. தேதியை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு அழுத்துங்கள்.