ஆய்வக எலிக்கு நல்ல கூண்டு: முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

எலிக்கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். சுண்டெலிக்கு அளவுகள் வேறு, அதை இங்கே சேர்க்கவில்லை.

முதலில் ஒரு அளவுகோலை எடுத்துக் கூண்டின் உட்புற உயரத்தை அளந்து பாருங்கள். பல கூண்டுகள் 18 செ.மீ. அளவில்தான் இருக்கும். வளர்ந்த எலி பின்னங்காலில் நிமிர்ந்தால் 25 செ.மீ.யைத் தாண்டும். எழுந்து நின்று மோப்பம் பிடிப்பது அதன் அன்றாட வேலை. அதற்கு வழியில்லாத எலி படுத்த வாக்கில் அடிக்கடி உடலை நீட்டி முறிக்கும். மடங்கியே கிடந்த உடம்பின் விறைப்பு அது என்றே நினைக்கிறேன். உயரமான கூண்டு கிடைக்காவிட்டால், ஏறிக் குதிக்க இடமுள்ள பெரிய தொட்டியில் வாரத்தில் சில தடவையாவது விடுங்கள். ஆய்வு நடந்துகொண்டிருந்தால் ஆய்வாளரிடம் பேசிவிட்டு, எல்லாக் கூண்டுகளிலும் ஒரே மாதிரி மாற்றுங்கள்.

அடுத்தது துணை. ஒரே பாலினத்தில் இரண்டு மூன்றாகச் சேர்த்து வையுங்கள். தனியாக வைக்கத் தக்க காரணம் வேண்டும்.

பிறகு ஒளிந்துகொள்ள இடம். வெள்ளை எலியின் கண்ணில் நிறமி கிடையாது, பலத்த வெளிச்சம் விழித்திரையையே கெடுத்துவிடும். சிவப்பு ஒளி எலிக்குச் சரியாகத் தெரியாது. அதனால் சிவப்புக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் போட்டால் அதற்கு நிழல், நமக்குப் பார்வை மறையாது. கூடு கட்டக் காகிதக் கீற்றுகள், கடிக்க ஒரு மரக்கட்டை. தரையில் பரப்பப் பைன், தேவதாரு மரத்தூள் வேண்டாம். அவற்றின் ஆவி கல்லீரல் நொதிகளை மாற்றிவிடும்.

வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். இரு கைகளாலும் மார்பையும் பின்புறத்தையும் தாங்கி எடுங்கள். பழகியதும் பிடரியில் விரலால் கிச்சுகிச்சு மூட்டி, மெல்லப் புரட்டி வயிற்றிலும் மூட்டுங்கள். தினம் 15 விநாடி, மூன்று நாள் செய்தாலே பயம் குறையும். மகிழ்ந்த எலி 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் கீச்சிடும், நம் காதுக்கு எட்டாது. ஆனால் கையைத் துரத்தி வருவது தெரியும். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த நேரம் அதுதான்.

தினமும் முகத்தைப் பாருங்கள். கண், மூக்கைச் சுற்றிச் சிவந்த பொருக்கு பெரும்பாலும் ரத்தமல்ல, கண்ணருகே சுரக்கும் போர்பைரின் என்ற சிவப்பு நிறமி. அது கூடினாலோ, கண் இடுங்கி மூக்கு தட்டையானாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.