நாய், பூனையோடு மதுரையில் வாடகை ஃபிளாட்டுக்குக் குடிபோவது எப்படி?

புரோக்கரிடம் "வீட்டில் நாய் இருக்கிறது" என்று சொன்னதும் பாதி வீடுகள் கைவிட்டுப் போகும். அதற்குப் பயந்து சிலர் சொல்லாமலேயே குடியேறிவிடுகிறார்கள். அது வேண்டாம். குரைக்கிற ஜீவனை எத்தனை நாள் ஒளித்து வைக்க முடியும்? முதலிலேயே சொல்லி, எழுத்தில் வாங்கி, பக்கத்து வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்கு முன்பே நம் வேலையை முடித்துவிடுவதுதான் நிம்மதி. எப்படி என்று வரிசையாகப் பார்ப்போம்.

1. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு கட்டடத்தைச் சுற்றிப் பாருங்கள்

எல்லோரும் வேலையிலிருந்து திரும்பிய பிறகு, சாயங்காலம் ஏழு மணி வாக்கில் போங்கள். கே.கே.நகரோ திருப்பாலையோ, எந்த ஏரியாவாக இருந்தாலும் ஒரு கட்டடத்தின் உண்மை நிலைமை அப்போதுதான் தெரியும்.

முதலில் மாடிப்படி. செருப்பு ஸ்டாண்டு, பழைய கட்டில், சைக்கிள் என்று அடைத்து வைத்திருந்தால், தீப்பிடிக்கும்போது ஓட வழி இருக்காது. மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்தால் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். சுவரில் தொங்கும் தீயணைப்பானில் ஊசி பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் அது சும்மா அலங்காரத்துக்குத்தான் தொங்குகிறது.

அடுத்து மெயின் பாக்ஸ். அதில் ஆர்.சி.சி.பி. என்ற கருவி இருக்க வேண்டும். கரண்ட் கசிந்தால் நொடியில் இணைப்பைத் துண்டிப்பது இதன் வேலை. வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் வகை போடுவார்கள். அதில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினால் டப்பென்று விழ வேண்டும். வயரைக் கடிக்கிற குட்டி நாய் உள்ள வீட்டில் இது இல்லாமல் குடிபோகாதீர்கள். பழைய ஃபிளாட்டாக இருந்தால் ஓனரிடம் போட்டுத்தரச் சொல்லுங்கள்.

பால்கனிக் கம்பி இடைவெளியில் உங்கள் பூனையின் தலை நுழையுமா? நுழைந்தால் உடம்பும் நுழையும். புறாவுக்குக் கட்டுகிற நைலான் வலையைக் கட்ட அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

2. ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய ஊரில் இதைச் சொன்னால் ஓனர் சிரிக்கலாம். பரவாயில்லை, சொல்லி வையுங்கள்.

ரிப்பேர் யார் பொறுப்பு என்பதையும் அந்தச் சட்டத்தின் அட்டவணை பிரித்திருக்கிறது. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் ஆகியவை ஓனர் பக்கம். குழாய் வாஷர், சுவிட்சு, ஹீட்டர் ரிப்பேர், பூட்டு, ஜன்னல் கொசுவலை போன்ற சில்லறை வேலைகள் நம் பக்கம். போர் தண்ணீரின் உப்பில் ஹீட்டர் காயில் சீக்கிரம் போய்விடும். அதனால் உள்ளே போகும்போதே அதன் நிலைமையை வீடியோ எடுத்து ஓனருக்கு அனுப்பிவிடுங்கள். கதவு, சுவர், தரை எல்லாவற்றையும் அப்படியே எடுங்கள். பிறகு "இந்தக் கீறல் உங்கள் நாய் போட்டது" என்ற பேச்சு வராது.

பிராணிக்காக ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். இப்படி இருக்கலாம்: "குடியிருப்பவர் ஒரு நாய் வளர்க்க உரிமையாளர் சம்மதிக்கிறார். அதனால் ஏற்படும் சேதத்தைக் குடியிருப்பவர் சரிசெய்து தருவார்."

இங்கே பலரும் குழம்புகிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குடியிருப்போர் சங்கம் பிராணி வளர்ப்பதைத் தடை செய்யக் கூடாது, லிஃப்டில் ஏற்ற மறுக்கக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அது சங்கத்துக்கு. தன் வீட்டை யாருக்கு வாடகைக்கு விடுவது என்று ஓனர் முடிவு செய்வதை அது தடுக்காது. ஆகவே சட்டம் பேசுவதற்கு முன்னால் ஓனரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். "சார், தடுப்பூசி அட்டை இருக்கு, ஒருவாட்டி வந்து நாயைப் பாருங்க" என்று சொன்னால் பல பேர் இறங்கி வருவார்கள்.

3. முதல் வாரம் செய்ய வேண்டியவை

கேஸ் ரப்பர் குழாயில் தேதி அச்சிட்டிருக்கும். ஐந்து வருடம் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். நாயும் பூனையும் படுப்பதும் தரையில்தான். நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்த பிறகு 1906-க்குப் போன் செய்யுங்கள். தீயணைப்புக்கு 101 அல்லது 112. கரண்ட் புகாருக்கு மின்னகம், 94987 94987. மூன்றையும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்.

பூனை வைத்திருப்பவர்கள் வீடு துடைக்கும் பினாயிலை நிறுத்துங்கள். அதில் இருக்கும் பினால் வகைப் பொருள் பூனைக்கு விஷம். ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும், அவ்வளவுதான். வேலைக்கு வரும் அக்காவிடமும் சொல்லி வையுங்கள். நாய்க்கான சில உண்ணி மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு ஆகவே ஆகாது. கட்டடத்தில் எலி மருந்து வைத்தாலோ பூச்சி மருந்து அடித்தாலோ முன்னாலேயே தெரிவிக்கும்படி சங்கச் செயலாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் காகிதம். ரேபிஸ் ஊசியை மூன்று மாதத்தில் தொடங்கி மருத்துவர் சொல்கிறபடி வருடா வருடம் தொடர வேண்டும். அட்டையைப் போனில் படமெடுத்து வையுங்கள். மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் நாய்க்கு உரிமம் வாங்குவது பற்றி மண்டல அலுவலகத்தில் கேட்டு முடித்துவிடுங்கள்.

4. லிஃப்டில் ஒரு பழக்கம்

இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் உயிர் போகிற விஷயம். நாம் உள்ளே நுழைந்துவிட்டோம், நாய் வெளியே நின்று மோப்பம் பிடிக்கிறது, கதவு மூடி லிஃப்ட் கிளம்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய கயிறு நடுவில் இருந்தால் கதவின் சென்சாருக்குத் தெரியாமல் போகலாம். கயிறு இழுபடும்போது கழுத்து நெரியும். ஆகவே லிஃப்டுக்குப் பக்கத்தில் வந்ததும் கயிற்றை ஒரு முழத்துக்குச் சுருக்கிப் பிடியுங்கள். நாய் முதலில், நீங்கள் பின்னால். இறங்கும்போதும் நாய் முழுவதும் வெளியே வந்த பிறகே கதவை விடுங்கள். இழுத்தால் நீளும் சுருள் கயிறு லிஃப்டில் வேண்டவே வேண்டாம். உள்ளே ஏற்கனவே யாராவது இருந்தால், "வரலாமா?" என்று கேளுங்கள். பயப்படுகிறவர் இருந்தால் அடுத்த லிஃப்டுக்கு நில்லுங்கள். தகராறுகளில் பாதி இந்த ஒரு கேள்வியில் தீர்ந்துவிடும்.

5. தினசரி நடை

சித்திரை, வைகாசி வெயிலில் தார் ரோட்டில் நாயைக் கூட்டிப்போகாதீர்கள். புறங்கையைத் தரையில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள், உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. விடிகாலையோ, தரை ஆறிய இரவோ சரி. சிப்பிப்பாறை போன்ற வேட்டைநாய் வைத்திருந்தால் பத்து நிமிட நடை அதற்குப் பத்தாது. ஓட விடாவிட்டால் அந்த ஆற்றாமையை உங்கள் சோபாவில் காட்டும். கழிவை அள்ள பழைய செய்தித்தாள் போதும். பார்க்கிங்கில் சிறுநீர் போனால் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு வாருங்கள்.

யாரையாவது கடித்துவிட்டால் வாக்குவாதம் பிறகு. முதலில் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, நீங்களே கூட்டிக்கொண்டு ராஜாஜி மருத்துவமனைக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ போங்கள். அங்கே ஊசி இலவசம்.

6. மாதம் ஒருமுறை

ஆர்.சி.சி.பி. பட்டனை அழுத்திப் பாருங்கள். பால்கனி வலையில் கிழிசல் இருக்கிறதா என்று பாருங்கள். சம்ப் மூடியும் மாடித் தொட்டி மூடியும் சரியாகப் பொருந்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் டெங்குக் கொசு அங்கேதான் முட்டையிடும், குட்டிகளும் உள்ளே விழும். விழுந்ததைத் தூக்க யாரும் அவசரத்தில் சம்பில் இறங்கிவிடக் கூடாது, உள்ளே மூச்சுக்குக் காற்று இல்லாமல் இருக்கலாம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்கள், பூனையை வீட்டில் விட்டுப்போகிறீர்கள் என்றால், மாற்றுச் சாவி ஒன்று நம்பிக்கையான பக்கத்து வீட்டில் இருக்கட்டும். "உள்ளே ஒரு பூனை இருக்கிறது" என்று எழுதி, உங்கள் போன் நம்பரோடு கதவில் ஒட்டிவிட்டு, வாட்ச்மேன் அண்ணனிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.