பிறர் பாட்டைப் பாடி வெளியிடுமுன்

கோத்தகிரியில் கிட்டார் கற்றுக்கொடுக்கிறேன். பழைய சினிமாப் பாட்டைப் பாடிப் பதிவு செய்து முடித்த பிறகுதான், "இதை வெளியிடலாமா சார்?" என்று மாணவர்கள் வந்து நிற்பார்கள். பாடுமுன் கேட்க வேண்டிய கேள்வி அது.

வரிகளுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு இன்னோர் உரிமை. நீங்களே வாசித்துப் பாடினால் கடைசியது உங்களுடையது. முதல் இரண்டுக்கும் அனுமதி வேண்டும். இறக்கி வைத்த கரோக்கேயின் (குரல் இல்லாத பின்னணி இசை) மேல் பாடினால் ஒலிப்பதிவும் அடுத்தவருடையது. என் வகுப்பில் கரோக்கேக்கு இடமே இல்லை. தாளம் சற்றுப் பிசகினாலும் சொந்தக் கையால் வாசியுங்கள்.

படப்பாடல் என்றால் முதலில் ஆடியோ நிறுவனத்துக்கு எழுதுங்கள். வரியும் மெட்டும் வேறொருவரிடம் இருந்தால் யாரிடம் என்று கேளுங்கள். பாடல், படம், ஆண்டு, எந்தத் தளங்கள், ஒலி மட்டுமா காணொளியும் உண்டா என்று தெளிவாகச் சொல்லுங்கள். காணொளிக்குத் தனி அனுமதி வேண்டும். தொலைபேசியில் "சரி, செய்யுங்கள்" என்றால் போதாது, எழுத்தில் வாங்குங்கள். பதில் வரத் தாமதமாகும். ஆகட்டும், ஐப்பசி மழையில் தகரக் கூரைக்குக் கீழே எப்படியும் ஒலிப்பதிவு நடக்காது.

1957 பதிப்புரிமைச் சட்டத்தில், 2012 திருத்தத்தில் சேர்ந்த 31சி பிரிவு வேறொரு வழி காட்டுகிறது. முதல் ஒலிப்பதிவு நடந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்தபின், முன்னறிவிப்புக் கொடுத்து, ராயல்டி (உரிமைத்தொகை) கட்டிப் பாடலாம். அசல் பாடகரின் பெயரோ படமோ அட்டையில் வரக்கூடாது. ஆனால் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை முன்பணமாகக் கேட்கிறது சட்டம். படுக்கையறையில் பதிவு செய்பவருக்கு இது கட்டுப்படியாகாது.

காசில்லாதவர்களுக்குப் பாரதியார் இருக்கிறார். அவர் எழுத்து 1949-இல் நாட்டுடைமையானது, இன்று யாரும் எடுத்துப் பாடலாம். அதற்குச் சினிமாவில் போட்ட மெட்டு மட்டும் அப்படி அன்று. நீங்களே ஒரு மெட்டுப் போடுங்கள். எங்கள் நீலகிரியின் படகர் மக்களுடைய ஊர்ப்பாட்டும் அப்படித்தான்: பாட்டிமார் பாடுவதைக் கேட்டுப் பாடலாம், யாரோ கேசட்டுக்கு அமைத்த இசையை அப்படியே எடுக்கக் கூடாது. ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சட்டம் கேட்கச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

பாட்டைத் தளங்களுக்கு அனுப்பும் நிறுவனத்தின் படிவத்தில் 'கவர்' (பிறர் பாட்டை மறுபடி பாடியது) என்று குறித்து, பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்களை எழுதுங்கள். அங்கே காசு கட்டி வாங்கும் கவர் உரிமம் அமெரிக்கச் சட்டப்படி கிடைப்பதாக இருந்தால், இந்தியாவுக்கு அது செல்லாது. யூடியூப் விளம்பர வருவாயை உரிமையாளருக்குத் திருப்பிவிட்டுப் பாட்டை நீக்காமல் விட்டுவைப்பதும் உண்டு. அதையும் அனுமதி என்று எண்ணிவிடாதீர்கள். உரிமையாளர் நினைத்தால் நாளையே நீக்கச் சொல்லலாம்.